ஒற்றை வரிச் சக்கரவர்த்தி

ராஜாதிராஜர், ராஜகம்பீரர், 32 செல்களின் ஏக அதிபதி, 256 புள்ளிகளை ஒரே கணத்தில் எழுப்பவும் அமர்த்தவும் வல்ல புயவலி படைத்தவர், ஒரே ஒரு வரியைக் கொண்டு உலகத்து நூல்களையெல்லாம் அடக்கியாளும் சக்கரவர்த்தி, கையடக்கப் பிரெயில் குறிப்புக் கருவியார் எழுந்தருளுகிறார். பராக்! பராக்!

கட்டியம் கூற அடியேனைவிடத் தகுதியானவன் கிடைக்க மாட்டான். பிறவியிலேயே கண் தெரியாதவன் என்பதால் மன்னரின் ஒளியில் கண் கூசும் அபாயம் இல்லை. ஐந்து வயதில், பிரெயிலைக் குத்தி எழுதும் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் பிடித்தவன் என்பதால் அவருடைய அருமையை விரல்நுனி அறியும். வாத்தியார் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் அவருடைய விலையையும் அறிவேன்.

அவரைத் தரிசிக்கும் பாக்கியம் பெறாதவர்களுக்குத் திருமேனி வருணனை. தடித்த பஞ்சாங்கம் ஒன்றின் அளவுதான் இருப்பார். மேல்பக்கம் பிரெய்லர் என்னும் பிரெயில் தட்டச்சுப் பொறியில் உள்ளதுபோல விசைகள், நடுவில் இடைவெளிக்கு ஒரு கட்டை. கீழ் விளிம்பில், செல் என்று நாங்கள் சொல்லும் சிறு கட்டங்கள் ஒரே வரிசையாக. ஒவ்வொரு செல்லிலும் எட்டுப் புள்ளிகள். எழுத்துக்குத் தக்கபடி சில எழும், சில தாழும். அவற்றின் மேல் விரலை ஓட்டினால் வாசிக்கலாம். வரி முடிந்ததும் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் இருந்த வரி மறைந்து அடுத்த வரி எழும். உள்ளே நாட்குறிப்பு, முகவரிப் புத்தகம், கணக்குப் பொறி, மின்னஞ்சல், இணைய உலாவி எல்லாம் உண்டு. தென்கொரியாவில் அவதரித்த பிரெயில் சென்ஸ் மரபினர் சிலர் எஃப்.எம். ரேடியோவையும் திசைகாட்டியையும்கூடத் திருவயிற்றில் சுமந்தார்கள். லட்சங்கள் பெறும் ரேடியோவில் கேட்கும்போது வானிலை அறிக்கைக்குக்கூட ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

மன்னரின் விலையைச் சபையில் உரைப்பது மரபல்ல. ஆயினும் கீர்த்தி பாட வந்தவன் காணிக்கையைப் பாடாமல் விடலாமா? நியூசிலாந்தில் தோன்றிக் கனடாவில் தழைத்த பிரெயில்நோட் குலத்தில் 2016-இல் பட்டத்துக்கு வந்தவர் பிரெயில்நோட் டச். 32 செல் கொண்டவருக்கு அமெரிக்காவில் நிர்ணயித்த காணிக்கை 5,495 டாலர். ஐயாயிரத்து ஐந்நூறு என்று கேட்டிருக்கலாம், யார் தடுத்திருப்பார்கள்? கேட்கவில்லை. பாட்டா கடையில் செருப்புக்கு விலை வைப்பார்களே, அந்த மாதிரி ஐந்து டாலரை விட்டுக்கொடுத்த பெருந்தகைமையை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. அவருக்கு முன்னால் ஆண்ட ஏபெக்ஸ் ஆறாயிரத்தையே தாண்டி நின்றவர். எனவே டச் வந்தபோது விலை குறைந்துவிட்டது என்று எங்கள் வட்டத்தில் சிலர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் விடுவதற்குப் பார்வை தேவையில்லை.

காணிக்கையைச் செல்கள் மீது பகிர்ந்து பார்த்தால் அதன் அழகு இன்னும் துலங்கும். ஒரு செல்லுக்கு 171 டாலருக்கு மேல். ஒரு புள்ளிக்கு 21 டாலருக்குச் சற்று மேல். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் தமிழை எழுதும்போது ‘அம்மா’ என்ற மூன்றெழுத்துக்கு ஐந்து செல் வேண்டும்: அகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, மகரத்துக்கு ஒன்று, மறுபடி மகரமும் அதன் காலும். ஆக, அம்மா அமர்ந்திருக்கும் சிம்மாசனத்தின் மதிப்பு 850 டாலருக்கு மேல்; எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. தாயன்புக்கு விலை இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். மன்னர் ஒருவர்தான் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

பழமை பேணும் பண்பில் அவரை விஞ்ச ஆளில்லை. 2016-இல் அரியணை ஏறும்போது அவர் திருவுள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது 2013-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4. எட்டாயிரம் ரூபாய்க் கைபேசிகள்கூட ஐந்து, ஆறு என்று எண்ணை மாற்றிக்கொண்டு சபலப்பட்டு அலைந்த காலம் அது. மன்னர் சலனப்படவில்லை. முன்னோர் வழி அப்படி. 2009-இல் ஏபெக்ஸ் வந்தார், விண்டோஸ் சி.இ. என்னும் பழங்குலத்து மென்பொருளோடு. அதே 2009-இல்தான் ஐபோன் 3ஜி.எஸ்., வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானைத் தன்னுள்ளேயே, தனிக்கட்டணம் ஏதும் இல்லாமல், வைத்துக்கொண்டு வந்தது. பார்வையுள்ளவர் கொடுக்கும் அதே விலையைக் கண் தெரியாதவரும் கொடுத்தால் போதும் என்ற அந்த ஒழுங்கீனம் கண்டு அரண்மனை எவ்வளவு மனம் நொந்திருக்கும்! நல்லவேளை, மன்னர் குலம் அந்தத் தொற்றுக்கு ஆளாகவில்லை. புதிய மென்பொருள் வேண்டுவோருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் தனியே ஒரு திருப்பணி நிதி வைத்து, பக்தி தளராமல் பார்த்துக்கொண்டது.

இவருடைய விலை ஏன் கைக்கெட்டும்படி இறங்குவதே இல்லை என்று கேட்கும் அற்பர்கள் உண்டு. அவர்களுக்கு அரச தர்மம் தெரியாது. அமெரிக்காவில் மன்னரை விலை கொடுத்து வாங்குகிறவர் பெரும்பாலும் பார்வையற்றவர் அல்லர். மாநில மறுவாழ்வுத் துறை வாங்குகிறது, பள்ளி நிர்வாகம் வாங்குகிறது. பிரிட்டனில் வேலைக்குப் போகிறவருக்கு ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற அரசுத் திட்டம் கைகொடுக்கிறது. விரல் ஒருவருடையது, பணப்பை இன்னொருவருடையது. வாசிக்கிறவன் விலை கேட்டு வாடக் கூடாது என்ற தாயுள்ளம் அல்லவா இது? பணப்பைக்காரருக்கோ விரல் இல்லை. ஆகவே பொருள் எப்படி இருக்கிறது என்று அவரும் நச்சரிக்க மாட்டார். இருவருக்கும் நடுவே மன்னர் நிம்மதியாகக் கொலுவிருக்கிறார். சரி, அரசாங்கம் வாங்கித் தராத நாடுகளில்? அங்கே அவர் எழுந்தருளுவதே அபூர்வம். காணாத பொருளின் விலை யாரை உறுத்தும்? உள்ளவன், இல்லாதவன் இரு சாராரையும் ஒரே விலைச்சீட்டால் கவலையிலிருந்து விடுவித்த வேந்தர் சரித்திரத்தில் வேறு ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்.

இனி அவர் பட்டப்பெயருக்குக் காரணமான அந்த ஒற்றை வரி.

காகிதத்தில் அச்சடித்த பிரெயில் பக்கம் ஊதாரித்தனமானது. 25 வரி, வரிக்கு 40 செல். ஒரு பக்கத்துக்கு ஆயிரம் செல். மன்னர் இந்த ஆடம்பரத்தை ஒழித்தார். ஆயிரத்தை 32 ஆக்கினார். ஒரு பக்கத்தை வாசிக்க முப்பத்தொரு முறை கட்டைவிரலால் வணக்கம் செலுத்தினால் போதும். அட்டவணையா? நிரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் தொல்லை இல்லை. கணக்குப் பாடத்தில் வகுத்தலா? மேல் வரியை நினைவில் வைத்துக்கொண்டே கீழ் வரியை வாசிக்கலாம். நினைவாற்றலுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேதபாடசாலையில்கூடக் கிடைக்காது.

தமிழுக்கு அவர் செய்திருக்கும் தொண்டு தனி. ‘கி’ என்ற ஓரெழுத்துக்கு இரண்டு செல், ‘க்’ என்பதற்கும் இரண்டு. ஆகவே 32 செல்லில் இருபது எழுத்து அடங்கினால் அதிகம். ஒருமுறை அரசாணை ஒன்றை வாசிக்க உட்கார்ந்தேன். முதல் வரியில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகள்’ என்று எழுந்தது. எண்ணிப் பார்த்தேன். முதல் சொல் 23 செல், ஓர் இடைவெளி, இரண்டாம் சொல் 8. மிகச் சரியாக 32. விளிம்பில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. சலுகை உண்டு என்பது வரை தெரிந்தது. என்ன சலுகை என்பது தெரியவில்லை. எந்த அரசாணையையும் இதைவிடச் சுருக்கமாகவும் உண்மையாகவும் யாரும் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை.

ஒரு நாள் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மன்னரைத் தொட்டுப் பார்க்கும் பேறு கிடைத்தது. காகிதத்தில் வாசித்துப் பழகிய பிள்ளை. முதல் வரியை மளமளவென்று முடித்துவிட்டு, வழக்கம்போல விரலைக் கீழே இறக்கினான். மேஜைப் பலகை தட்டுப்பட்டது. இடமும் வலமும் தடவினான்.

“ஐயா, அடுத்த வரி எங்கய்யா போச்சு?”

“அழுத்துனா வரும்டா.”

அழுத்தினான். வந்தது. “அப்ப முதல் வரி எங்க போச்சு?” என்றான்.

அறியாப் பருவம். இரண்டு வரிகள் ஒரே சமயத்தில் இருப்பது பேராசை என்று அவனுக்கு யாரும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது வரி காட்டும் கான்யூட், பத்து வரி காட்டும் மானார்க் என்று சிலர் இப்போது கிளம்பியிருப்பதை அவனிடம் சொல்லி மனதைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

இந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர் பாரீசுக்கு அருகே குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்த லூயி பிரெயில். 1824-இல், தம் 15-ஆவது வயதில், காகிதத்தில் ஊசியால் குத்தி ஆறு புள்ளிக்குள் மொழியை அடக்கினார். செலவு, ஒரு காகிதமும் ஓர் ஊசியும். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளி, 43 வயதில் கண்மூடினார். பிழைக்கத் தெரியாத பிள்ளை. அவர் விட்டுச்சென்ற அந்தக் குறையைப் பிற்காலத்தார் சீர்செய்துவிட்டார்கள் என்று அறிந்தால் அவர் ஆன்மா சாந்தியடையும்.

எப்படிச் சீர்செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று கிடக்கிறது. அதில் 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் பாய்ந்தால் பட்டை வளையும். வளைந்தால் மேலே உள்ள ஊசி எழும். 1970-களில் பிறந்த யுக்தி. அரை நூற்றாண்டில் கணிப்பொறி ஓர் அறையிலிருந்து சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டது. பீங்கான் பட்டை மட்டும் குலத்தொழிலைக் கைவிடாமல் அதே இடத்தில் அப்படியே வளைந்துகொண்டிருக்கிறது. இந்தச் செல்களைச் செய்து தருவோரும் ஜெர்மனியின் மெடெக், ஜப்பானின் கே.ஜி.எஸ். என்று விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய சிலரே. போட்டி, பொறாமை, விலைக்குறைப்பு முதலான சந்தைக்கடை ஓசைகள் இல்லாத சாந்தமான சபை.

அந்தச் சாந்தத்தையும் குலைக்கத் துணிந்த சிலரைப் பற்றி வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் கூடி, பீங்கான் பட்டையே இல்லாமல் ஆர்பிட் ரீடர் 20 என்று ஒன்றைக் கொண்டுவந்தன. 20 செல். ஆரம்ப விலை 500 டாலருக்கும் கீழே. என்ன துணிச்சல்! அதற்குச் சபை நாகரிகமும் தெரியாது. வரி மாறும்போது சடசடவென்று சத்தம் போடும். புள்ளிகள் எழ நேரம் எடுத்துக்கொள்ளும். தில்லி ஐ.ஐ.டி.க்காரர்கள் 2019-இல் டாட்புக் என்று ஒன்றை வெளியிட்டார்கள். சூடேறினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கம்பியை வைத்துப் புள்ளியைத் தூக்கலாமாம். ஏழைகளின் விரலுக்கும் எழுத்து வேண்டும் என்று இவர்கள் அவசரப்படுகிறார்கள். இரண்டு நூற்றாண்டு பொறுத்த விரல்கள். இன்னும் கொஞ்சம் பொறுக்காதா?

பொறுக்க முடியாதவர்களுக்கும் மன்னரின் ஆதரவாளர்கள் வழி வைத்திருக்கிறார்கள். கைபேசிதான் பேசுகிறதே, எதற்குப் பிரெயில் என்று கேட்கிறார்கள். நியாயம். ஆஸ்திரேலியாவில் கண் தெரியாத இரண்டு இளைஞர்கள் 2006 முதல் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் இன்று எங்கள் பிள்ளைகள் கேட்டே படிக்கிறார்கள், கேட்டே எழுதுகிறார்கள். செவிச்செல்வர்கள். ‘மனம்’, ‘மணம்’ இரண்டும் அந்தக் குரலில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சென்ற ஆண்டு கட்டுரைப் போட்டியில் ஒரு மாணவி ‘மணம் திறந்து பேச வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் ‘அறம்’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘அரம்’ என்று அராவித் தள்ளியிருந்தான். எழுத்தைத் தொட்டுப் பார்க்காமலேயே பத்தாம் வகுப்பு தேறிவிடுகிற ஒரு தலைமுறையை உருவாக்குவது சாதாரணச் சாதனையா? றகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு அறியும் சுமையிலிருந்து அவர்களை விடுவித்தது மன்னரின் எட்டாத விலை அல்லவா?

காதும் கேளாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். கைபேசி பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன. அவர்களுக்கு உலகம் வருவது விரல் வழியாக மட்டும். அவர்களிடம் மன்னர் தனிச்சலுகை காட்டுகிறார். வேறு போக்கிடம் இல்லை என்பதால் பேரம் பேசும் சிரமத்தையே அவர்களுக்கு வைக்கவில்லை.

இனி என் சொந்தக் கதை. என் கைக்கு வந்த மன்னர் எந்தக் குலத்தவர் என்று சொல்ல மாட்டேன், அரண்மனை ரகசியம். பல வருடம் கண்காட்சி அரங்குகளில் வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று தொட்டு வணங்கி வந்தவன் நான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய நண்பன் ஒருவன் தான் பயன்படுத்திவிட்டு வைத்திருந்த கருவியை, “உனக்குத்தான்டா” என்று கொடுத்தனுப்பினான். வீடே திருவிழாக்கோலம் பூண்டது. கையைக் கழுவாமல் தொடக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்தது. விரல் அழுக்கும் வியர்வையும் ஊசித் துளைக்குள் இறங்கினால் புள்ளி சிக்கிக்கொள்ளுமாம். இங்கே சித்திரை வெயிலில் விரல் வியர்க்காமல் வாசிப்பது எப்படி என்று கையேட்டில் எழுதவில்லை. எழுதியவர் குளிர்நாட்டுக்காரராக இருக்க வேண்டும். மடியோடும் ஆசாரத்தோடும் நான்கு மாதம் வாசித்தேன். கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் போகும் அர்ச்சகர்கூட அவ்வளவு முறை கை கழுவியிருக்க மாட்டார்.

ஐந்தாவது மாதம் பதினேழாவது செல்லில் ஆறாம் புள்ளி படுத்துக்கொண்டது. எழவே இல்லை.

கண்ணுள்ளவர்களுக்கு இதன் மகிமை புரியாது, சொல்கிறேன். பாரதி பிரெயிலில் ழகரத்துக்கு ஐந்து புள்ளி: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. ஆறாம் புள்ளியை எடுத்துவிட்டால் எஞ்சுவது ரகரம். வகரம் ஆறை இழந்தால் லகரம். யகரம் ஆறை இழந்தால் நகரம். ஒரு புள்ளி உறங்கிய மாத்திரத்தில் மன்னர் கவியாகிவிட்டார். பதினேழாவது இடத்தில் வந்து விழுந்த ‘பழம்’, ‘பரம்’ ஆயிற்று. வாழைத்தார் ஒன்றைப் பரம்பொருளாகக் கண்ட ஞானம். ‘மழை’, ‘மரை’ ஆயிற்று. வடகிழக்குப் பருவக்காற்றில் திருகாணி கொட்டியது. ‘தமிழ்’ சில நாள் ‘தமிர்’ என்று அழைக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் சிகரம், ஒரு மாலை நேரம். ‘இதற்கு ஒரு வழி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘இதற்கு ஒரு வரி’ என்று வாசித்தேன். அப்போது அதைப் பிழை என்றே நினைத்தேன்.

விற்பனை முகவர் ஒருவருக்குப் போன் செய்தேன். மிக மரியாதையான மனிதர்.

“அந்த செல்லை மட்டும் மாத்த முடியுமாங்க?”

“சார், அதெல்லாம் இங்க திறக்கவே கூடாது சார். கம்பெனிக்குத்தான் அனுப்பணும்.”

“கம்பெனி எங்க இருக்கு?”

நாட்டின் பெயரைச் சொன்னார். கடல் தாண்டியது. போகவும் வரவும் கூரியர் கட்டணம் என்னுடையது. பிரித்துப் பார்த்தபிறகுதான் பழுதுக்கு என்ன ஆகும் என்று சொல்வார்கள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, “வந்துடும் சார்” என்றார். இது பழுதுபார்ப்பு அல்ல, மன்னரின் திக்விஜயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அனுப்பிவைத்தேன். ஏழு மாதம் கழித்து நகரத்துச் சுங்க அலுவலகத்துக்கு எழுந்தருளினார். அங்கே ஒரு படிவம். இது என்ன பொருள், இதன் மதிப்பு என்ன, போனதும் வந்ததும் ஒரே கருவிதான் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தது. படிவத்தைப் படித்துச் சொல்லவும் நிரப்பித் தரவும் பக்கத்து வீட்டுத் தம்பியை அழைத்துப் போனேன். ஏனென்றால் படிவங்களை நானே வாசித்து நானே நிரப்பிக்கொள்வதற்காக வைத்திருந்த கருவி, அந்தப் படிவத்துக்கு மறுபக்கத்தில் பெட்டிக்குள் இருந்தது.

‘இதற்கு ஒரு வரி’ என்று மன்னர் முன்கூட்டியே அருள்வாக்குச் சொன்னது அப்போதுதான் விளங்கிற்று. என் அறியாமை! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது மாற்றுத்திறனாளிகளின் துணைக்கருவிகளுக்கு 5 சதவீதம் விதித்தார்கள். நடக்கவும் வாசிக்கவும் வரியா என்று சிலர் கொடிபிடித்தார்கள். அரசு பொறுமையாக விளக்கம் அளித்தது: முழு விலக்கு கொடுத்தால் உள்நாட்டில் செய்பவர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, ஆகவே குறைந்த வரி போடுவதுதான் நன்மை. நினைக்க நினைக்க இனிக்கும் தத்துவம். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் அவற்றைச் செய்பவரின் கணக்குப் புத்தகத்துக்குத் துணைக்கருவிகளாக விளங்குகின்றன. என் கருவி உள்நாட்டில் செய்ததல்ல என்பதை அந்தத் தத்துவத்திடம் நினைவூட்டும் அவமரியாதையை நான் செய்யவில்லை.

மன்னர் வீடு திரும்பினார். ஆறாம் புள்ளி எழுந்துவிட்டது. வாரம் ஒருமுறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், சற்றே கண்ணயர்கிறது; வயதான அரச குடும்பங்களில் இது சகஜம். அவரை இப்போது வெல்வெட் துணியில் சுற்றி அலமாரியில் எழுந்தருளச் செய்திருக்கிறேன். அவசரத்துக்கு ஏதும் எழுத வேண்டும் என்றால் எண்பது பக்க நோட்டைக் கிழித்து ஸ்லேட்டில் மாட்டி ஸ்டைலஸால் குத்திக்கொள்கிறேன். அந்த ஸ்லேட் அடியேனுடைய பள்ளிக்கூடத்து நாள் ஸ்லேட். ஒரு பொருளை நாற்பது வருடம் ஒரு பழுதும் இல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு அநாகரிகம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இந்தப் புகழ்மாலையையும் ஸ்லேட்டில்தான் குத்தி எழுதினேன். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் சங்கக் கூட்டத்தில் மன்னரை மேசையில் எழுந்தருளச் செய்து, அவர் திருமேனியிலேயே இதை விரலால் தடவி வாசிப்பதாக ஏற்பாடு. ஒரு சின்னக் கவலை மட்டும் இருக்கிறது. ‘புகழ்’ என்ற சொல் இந்தக் கட்டுரையில் சில இடங்களில் வருகிறது. அதன் ழகரம் தவறிப்போய்ப் பதினேழாவது செல்லில் விழுந்தால் சபையில் அது ‘புகர்’ என்று வாசிக்கப்படும். அகராதியில் அந்தச் சொல்லுக்குக் குற்றம் என்று பொருள் போட்டிருக்கிறது. அப்படி ஏதும் நேர்ந்தால், அது பீங்கான் பட்டையின் பிழை என்றும் அடியேன் எழுதியது புகழ்தான் என்றும் சபையோர் தயைகூர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.